வியாழக்கிழமை அடுப்பு

மற்ற ஊர்களில் எப்படியோ, துருக்கியின் எல்லையோர ஊரான மார்தினின் மேல்சந்தில் மாவை வெண்ணெயில் வறுக்கும் வாசனை வந்தால் யாருக்கும் பசி எடுக்காது. பெண்கள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கைக்குக் கிடைத்த சர்க்கரைப் பொட்டலத்தையோ ரொட்டியையோ எடுத்துக்கொண்டு, வாசனை வந்த வீட்டை நோக்கி நடப்பார்கள். போனது யார் என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொள்வார்கள். மாவு அல்வா அங்கே மௌத்து வீட்டுப் பண்டம், சாவுக்கென்றே செய்வது. செத்தவரின் ஆவி, ரூஹு, ஏழாம் நாளும் நாற்பதாம் நாளும், அதற்கப்புறம் வியாழக்கிழமை அந்திதோறும் தன் வீட்டு வாசலுக்கு வரும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அடுப்பு வாசனையை வைத்துத்தான் அது வழி கண்டுபிடிக்குமாம்.

இதெல்லாம் பெஹியேவுக்குத் தெரியாததல்ல. சந்தில் விழுந்த சாவுக்கெல்லாம் இருபது வருஷமாக அல்வா கிண்டிக் கொடுத்தவளே அவள்தான். ஒல்லியான உடம்பு, ஆனால் மணிக்கட்டு மட்டும் கல் உடைக்கிற ஆளுடையது. ஒரு மணி நேரம் மரக்கரண்டியை நிறுத்தாமல் கிளறுவாள். அடுப்பைப் பார்க்காமலே, மூக்கை வைத்தே, மாவு எந்த நிறத்துக்கு வந்திருக்கிறது என்று சொல்வாள். அத்தனையும் அடுத்தவர் வீட்டு அடுப்பில். தன் வீட்டு அடுப்பில் அவள் அல்வா வறுத்ததில்லை.

அந்த அக்டோபர் மாதப் புதன்கிழமை காலையில் அவள் வறுத்தாள். சந்துக்காரர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்கத் தோன்றவில்லை. தான் செய்வது யாவாரத்துக்கு என்று தனக்குத் தெரிந்தால் போதும், வாசனைக்கும் அது தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

மாவு பழுக்க ஆரம்பித்த நேரத்தில் எதிர்வீட்டு ஸாதெத் வந்தாள். கறுப்புத் துணி கட்டியிருந்தாள். அவள் பின்னால் பெஹியேவின் புருஷனுக்கு ஒன்றுவிட்ட தங்கை குலே, ஒரு காலில் செருப்பும் மறுகால் வெறுங்காலுமாக ஓடி வந்தாள். மூலைவீட்டு ஷ்முனி, மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்தவள், ரொட்டித் தட்டோடு மூச்சிரைக்கப் படி ஏறினாள். ஸாதெத் நேராக அடுப்படிக்குப் போய் பெஹியேவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

"அவனோட மிச்ச ஆயுசு ஒனக்குச் சேரட்டும், பெஹியே. கடைசியில சேதி வந்துருச்சா?"

கரண்டி நிற்கவில்லை. நிறுத்தினால் மாவு அடிப்பிடித்துவிடும்.

"என்ன சேதி அக்கா? இங்க யாரும் மௌத்தாகல. இது யாவாரம்."

"யாவாரமா?"

"ஓட்டல்காரன் கேட்டான். பொட்டி போட்டுக் குடுக்கப் போறேன்."

குலே சுவரில் சாய்ந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாதி அழுது பாதியில் நின்ற முகத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஷ்முனி ரொட்டித் தட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றாள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியாது. பெஹியே பாகை ஊற்றி மூடி போட்டு, அல்வா ஊறியதும் ரொட்டியில் வைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். அவர்களும் தின்றார்கள். நன்றாக இருக்கிறது என்று மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

அவர்கள் போன பிறகு பெஹியேவை அறுத்தது ஒரே ஒரு சொல். 'கடைசியில.' எட்டு வருஷமாக அவளைப் பார்க்கும்போதெல்லாம் "வந்துருவான் பாரு, கண்டிப்பா வந்துருவான்" என்று சொன்னவர்கள் இவர்கள்தான். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் ஆளாளுக்கு ஒரு கறுப்புத் துணியை மடித்துத் தயாராக வைத்திருந்திருக்கிறார்கள். கோபத்தில் இன்னொரு சட்டி மாவை வறுத்தாள்.

தெர்வேஷ் அவள் புருஷன். லாரி ஓட்டியவன். சிமெண்டும் மாவும் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி மோசுல் வரை போய் வருவான். மோசுல் தீவிரவாதிகள் கையில் விழுந்த அந்தக் கோடையில் போனவன் திரும்பவில்லை. கடைசியாகப் பேசியது ரோட்டோர டீக்கடை ஒன்றிலிருந்து. ரோடு அடைத்திருக்கிறார்கள், திறந்ததும் கிளம்புவேன் என்றான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. லாரியும் இல்லை, ஆளும் இல்லை, உடம்பும் இல்லை. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதில் கிடைத்தது பெஞ்சில் உட்கார்ந்த இடுப்பு வலிதான்.

தெர்வேஷ் குர்து பாஷைக்காரன். பெஹியே அரபி பேசும் வீட்டுப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் அவனுக்கு அரபியில் சலாம் சொல்ல மட்டும்தான் தெரியும். அவளிடமிருந்துதான் மொத்தமும் கற்றான். அதனால் அந்த மீசைக்காரன் வாயிலிருந்து வந்தது முழுக்கச் சந்துப் பெண்களின் பேச்சு. பெஹியே குழந்தையைக் கொஞ்சும்போது, "உன் நோவு என் கல்லீரல்ல எறங்கட்டும்" என்பாள். பெண்கள் மட்டுமே சொல்கிற பேச்சு அது. அதை இவன் கரிக்காரனிடம் சொல்வான், சுங்கச் சாவடிக்காரனிடம் சொல்வான். காப்பிக்கடையில் ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுநாளும் அதையேதான் சொல்வான். அவன் பாஷையை பெஹியே கற்றுக்கொள்ளவில்லை. அவன்தான் எங்கள் பாஷை பேசுகிறானே என்று சோம்பலாக இருந்துவிட்டாள். பத்து வருஷக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வரி. அந்தியில் சந்தில் விளையாடும் மகளை மாடியிலிருந்து அவன் கூப்பிடுவான்: "வெரே, வெரே மாலே." வா, வீட்டுக்கு வா.

மகள் ஷிலானை அவன் கூப்பிட்டது பாவோ என்று. அப்பா என்று அர்த்தம். எங்கள் பக்கம் பிள்ளையைக் கொஞ்சுகிறவர்கள் தங்கள் முறைப்பெயரையே பிள்ளைக்கும் கொடுப்பார்கள். அவன் அவளை பாவோ என்பான், அவள் அவனை பாவோ என்பாள். யார் யாருக்குத் தகப்பன் என்று பெஹியே கேலி செய்வாள்.

அவன் போய் ஆறு மாதம் இருக்கும். பெஹியே கீழே துணி அலசிக்கொண்டிருந்தாள். மாடியில் தெர்வேஷ் பேசுவது கேட்டது. அதே இழுவை, அதே இறக்கம், வாக்கியத்தின் கடைசியில் அதே சின்னச் சிரிப்பு. வாளியை உதைத்துத் தள்ளிவிட்டுப் படி ஏறி ஓடினாள். எட்டு வயது ஷிலான் கட்டிலில் உட்கார்ந்து, எதிரே இருந்த காலி நாற்காலியோடு குர்து பேசிக்கொண்டிருந்தாள். பெஹியே அந்த நாற்காலியை அன்றே விறகாக்கினாள். அந்தப் பாஷை இனி இந்த வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்றாள். பிள்ளை குலேயின் வீட்டுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தாள். அது பெஹியேவுக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்துகொண்டாள்.

இன்னொன்றும் செய்தாள். சந்தில் எல்லா வீட்டிலும் வியாழக்கிழமை அந்தியில், போனவர்களுக்காக எண்ணெய்ச் சட்டி வைத்து ஏதாவது பொரிப்பார்கள். பெஹியேவின் அடுப்பு மட்டும் வியாழக்கிழமை மத்தியானத்தோடு அணைந்துவிடும். அந்திக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான். அவள் கணக்கு எளிமையானது. செத்தவர்கள்தான் வாசனைக்கு வருவார்கள். வாசனை இல்லையென்றால் அவன் வர மாட்டான். அவன் வரவில்லையென்றால் அவன் சாகவில்லை. யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. சொன்னால் உடைந்துவிடும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

சரி, யாவாரத்துக்கு வருவோம். ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்புத் துவைத்துப் போட்டுத்தான் அவள் இத்தனை நாள் ஓட்டினாள். முழங்கால் போனதும் அது நின்றது. முதலில் லவங்கப்பட்டை போட்ட பிஸ்கோத்து சுட்டு விற்றுப் பார்த்தாள். வீட்டுக்கு வீடு அதையே சுடுகிற ஊரில் யார் வாங்குவார்கள்? ஸாதெத் மட்டும் பரிதாபத்துக்கு ஒரு தட்டு வாங்கி, அதையே திரும்ப இவள் வீட்டுக்குப் பெருநாள் பலகாரமாக அனுப்பினாள். பிறகு ஒருநாள் ஓட்டல் முதலாளி, மௌத்து வீடொன்றில் இவள் கிண்டிய அல்வாவைத் தின்றுவிட்டு, வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொடுத்தால் என்ன என்று கேட்டான். வெளியூர்க்காரனுக்கு இது சாவு வாசனை என்று தெரியாதல்லவா?

புதுத் திராட்சைப்பாகு வந்திருந்த சமயம். சர்க்கரைக்குப் பதில் அதை ஊற்றினாள். மாவு பாதாம்தோல் நிறத்துக்கு வந்ததும் சுடுபாகை ஊற்றினால் சட்டி சீறும். மூடி, துணி சுற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கரண்டியால் சட்டி ஓரத்தில் அழுத்தி எடுத்தால் படகு வடிவத்தில் விழும். மேலே பிஸ்தா ஒன்று. பெட்டிக்குப் பன்னிரண்டு படகு.

பெட்டியின் மேல் ஒட்டும் தாளை ஷிலான் எழுதினாள். பதினாறு வயதாகிவிட்டது அவளுக்கு. துருக்கி, அரபி, இங்கிலீஷ், அதன் கீழே குர்து. நாலாவது வரியை பெஹியே விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"எல்லைக்கு அந்தப் பக்கம் தஹோக்குலேர்ந்து வர்றவங்க வாசிப்பாங்க உம்மா. அவங்க பாஷையில இருந்தா ரெண்டு பொட்டி கூட வாங்குவாங்க."

பெஹியே யோசித்தாள். "தாள்ல இருக்கட்டும். வாய்ல வேண்டாம்."

தாளோடு நிற்கவில்லை ஷிலான். போனில் அல்வாவுக்கு ஒரு பக்கம் திறந்து, நாலு பாஷையிலும் எழுதிப் போட்டாள். மோசுலிலிருந்து ஒருத்தி கேட்டால் மோசுல்காரி மாதிரியே பதில் போடுவாள். அங்காராவிலிருந்து கேட்டால் பள்ளிக்கூடத் துருக்கியில் போடுவாள். விடுமுறைக்கு வருகிறவர்கள் வருமுன்னே பெட்டி சொல்லி வைத்தார்கள். நவம்பர் முடிவதற்குள் வாரத்துக்கு நாலு நாள் சட்டி ஏறியது. வியாழன் மட்டும் இல்லை.

சந்தும் பழகிக்கொண்டது. இரண்டாவது முறை வாசனை வந்தபோது ஸாதெத் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "சாவா, யாவாரமா?" என்று கேட்டாள். மூன்றாவது முறை எட்டிப் பார்க்கவில்லை. டிசம்பரில், குப்பை சுமக்கும் நகராட்சிக் கழுதைகூட நின்று மோந்துவிட்டுத் தன்பாட்டுக்குப் படி இறங்கியது. நூறு வருஷமாக ஒரே அர்த்தம் கொண்டிருந்த வாசனையை மூன்று மாதத்தில் பெஹியே மாற்றிவிட்டாள் என்று குலே சொன்னாள். அதில் பாராட்டு எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பெஹியேவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அந்த வாரங்களில்தான் பள்ளிக்கூட டீச்சர் குன்செலி அடிக்கடி வந்தாள். கருங்கடல் பக்கத்துக்காரி, தனியாக இருக்கிறவள், இனிப்பென்றால் உயிர். அல்வா வாங்க வருவாள், ஷிலானைப் பற்றிப் பேசிவிட்டுப் போவாள். பள்ளியில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் குர்து வகுப்பு இருக்கிறது, பத்துப் பேர் சேர்ந்தால்தான் நடக்கும், பத்தாவது ஆளாகச் சேர்ந்தது ஷிலான்தான் என்று ஒருநாள் போகிற போக்கில் சொல்லிவிட்டாள். பெஹியேவின் முகம் மாறியதைக் கண்டதும், பல பாஷை தெரிந்த பிள்ளைகள் புதிய பாஷையைச் சுலபமாகப் பிடித்துக்கொள்வார்கள், மொழிபெயர்ப்புப் படிப்பில் இடம் கிடைக்கும், சம்பளமும் உண்டு என்று அடுக்கினாள்.

"ஒரு வாய்ல நாலு பாஷையப் போட்டா பரீட்சையில எதுல முழிப்பா டீச்சர்?" என்று கேட்டாள் பெஹியே. டீச்சர் சிரித்தாள். தனக்கு ஒன்றரைப் பாஷைதான், அதற்கே முழித்தேன் என்றாள். உண்மையான காரணத்தை பெஹியே அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பாஷை பேசும்போது மகளின் தொண்டையில் அவன் இருக்கிறான் என்று ஒரு டீச்சரிடம் எப்படிச் சொல்வது?

ஜனவரி முடிவில் ஷிலான் மாறினாள். தட்டில் வைத்தது தட்டிலேயே இருந்தது. பெட்டி ஒட்டும்போது தாளைத் தலைகீழாக ஒட்டினாள். போன் அடித்தால் மாடிக்குப் போய்விடுவாள். பெஹியே முதலில் பையன் விவகாரம் என்று நினைத்தாள். ஸாதெத்தும் அப்படியே நினைத்து, இரண்டு பையன்களின் பெயரையும் சொன்னாள். பெஹியே மாடிப்படியில் ஓசைப்படாமல் நின்று கேட்டுப் பார்த்தாள். ஷிலான் அரபியில் பேசிக்கொண்டிருந்தாள், பெரியவர்களிடம் பேசுகிற மரியாதையோடு. "சரிங்க மாமா. இன்னும் அவங்களுக்குச் சொல்லல மாமா." இவ்வளவுதான் கேட்டது.

பிப்ரவரி முதல் வாரத்தில் பள்ளியில் பேச்சுப் போட்டி நடந்தது. மாணவருக்குப் பல பாஷை தெரிந்தால் என்ன நன்மை என்பது தலைப்பு. மறுநாள் புதன்கிழமை, பனிமூட்டத்தில் படி தெரியாமல் தடவித் தடவி குன்செலி டீச்சர் வந்தாள். அல்வா கேட்கவில்லை. கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஷிலான் நன்றாகத்தான் பேசினாளாம். ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குத் துருக்கி தெரியாது. ஒரு பெண் குழந்தை வயிற்றுவலி என்று சொல்லத் தெரியாமல் இரண்டு மணி நேரம் அழுதிருக்கிறது. ஷிலானை வகுப்பிலிருந்து கூப்பிட்டுத்தான் கேட்டார்களாம். அது முதல் நன்மை. ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் தெரிந்தவர்கள் அந்தப் பொருளை இரண்டு முறை பார்க்கிறார்கள், அது இரண்டாவது. தன் உம்மாவின் அல்வா எந்தெந்த ஊருக்குப் போகிறது என்று மூன்றாவதாகச் சொன்னபோது கைதட்டல் விழுந்ததாம்.

"அதோட முடியணும். தாள்ல அவ்வளவுதான் இருந்துச்சு," என்றாள் டீச்சர். "ஆனா மேடைய விட்டு எறங்கல. நாலாவது ஒண்ணு இருக்குன்னா. ஒரு பாஷையில வராத சேதி இன்னொரு பாஷையில வந்துரும், அதைக் கேக்குற தைரியத்தையும் சேத்துப் படிச்சுக்கணும்னா. எறங்கி நேரா கைகழுவுற எடத்துக்குப் போயிட்டா. நான் கேட்டேன், சொல்லல. நீங்க கேளுங்க."

பள்ளி விட்டு ஷிலான் வந்தபோது பெஹியே சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"மாமான்னு யார்கிட்ட பேசுற?"

ஷிலான் பையை இறக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். அல்வாப் பக்கத்தில் அவள் இன்னொன்றும் போட்டிருந்தாள். பாவோவின் படம், லாரியின் நம்பர். எங்கேயாவது பார்த்தீர்களா என்று அரபியில், எல்லைக்கு அந்தப் பக்கத்துக் குர்துவில், நம் பக்கத்துக் குர்துவில். உம்மாவின் போனில் மட்டும் அந்தப் படம் தெரியாதபடி செய்துவைத்திருந்தாள். அல்வா வாங்கிய மோசுல்காரி ஒருத்தி அதைத் தன் ஆட்களுக்கு அனுப்பியிருக்கிறாள். அங்கிருந்து ஒரு பெரியவர் முதலில் தன் குரலைப் பதிவு செய்து அனுப்பி, பிறகு போனிலும் கூப்பிட்டிருக்கிறார். சேதி வந்து பதினோரு நாளாகிறது.

"பதினோரு நாளா," என்றாள் பெஹியே.

"எந்தப் பாஷையில சொல்றதுன்னு தெரியல உம்மா."

பெஹியே கையைத் துடைத்தாள். "போடு. நான் கேக்குறேன்."

மோசுல் அரபியும் மார்தின் அரபியும் அக்கா தங்கை மாதிரி. நடுவில் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. போனுக்குள்ளிருந்து வயதான ஒரு குரல், இடையிடையே இருமிக்கொண்டு பேசியது.

"மகளே, நான் ஃபத்ஹி. ரோட்டோரத்துல டீக்கடை வச்சிருந்தவன். ஒங்க வாப்பாவ எனக்குத் தெரியும். ரோட்டை அடைச்ச அன்னிக்கு லாரி எங்க கடை முன்னாலதான் நின்னுச்சு. ரெண்டு நாள் இருந்தான். மொதல்ல எங்களுக்குச் சிரிப்பு. இம்மாம் பெரிய மீசைய வச்சுக்கிட்டு, டீ குடுத்த என் பேரனைப் பாத்து, 'உன் நோவு என் கல்லீரல்ல எறங்கட்டும்'னான். எங்க பொம்பளைங்க கூட இப்ப அப்படிப் பேசுறதில்ல, எங்க ஆத்தாளோட போன பேச்சு அது. இந்தப் பேச்ச எங்க கத்துக்கிட்டன்னு கேட்டேன். என் பொண்டாட்டிகிட்டன்னான். அவ பேசுற மாதிரிதான் எனக்குப் பேச வரும்னான். மூணாம் நாள் விடியக்காலம் கடை மேல குண்டு விழுந்துச்சு. பேரன் உள்ள கெடந்தான். ஒங்க வாப்பாதான் போயி எடுத்துட்டு வந்தான். பேரன் பொழைச்சான். அவன் பொழைக்கல. வெயிலுக்கு முன்னாடி, ஊர்ப் பள்ளிவாசல் பக்கத்துலயே அடக்கினோம். குளிப்பாட்டித்தான் அடக்கினோம் மகளே, அதை ஒங்க உம்மாகிட்ட சொல்லு. அன்னிக்கே ஊரைக் காலி பண்ணிட்டோம். காகிதம் எல்லாம் லாரியோட எரிஞ்சுபோச்சு. மார்தின், தெர்வேஷ், இது ரெண்டுதான் எங்களுக்குத் தெரியும். திரும்பி வந்ததும் கல்லு நட்டேன். எட்டு வருஷமா ஒங்களத் தேடுறதுக்கு எனக்கு வழி தெரியல."

குரல் நின்றது. பெஹியே அழவில்லை. அவளை நடுக்கியது வேறு. வீட்டுக்குள், குழந்தையின் தலைமாட்டில், அவள் வாயிலிருந்து போன வார்த்தை அது. எல்லை தாண்டி, ஒரு டீக்கடையில் சிரிப்பு மூட்டி, எட்டு வருஷம் அவன் கபர்க்குழிக்குப் பக்கத்தில் கிடந்து, முன்பின் தெரியாத ஒருவர் வாய் வழியாக அவளிடமே திரும்பி வந்திருக்கிறது. வேறு எதையும் யாரும் பொய்யாகச் சொல்லியிருக்கலாம். இதை மட்டும் சொல்லியிருக்க முடியாது.

"குளிப்பாட்டித்தான் அடக்கியிருக்காங்க," என்றாள்.

"ஆமா உம்மா."

"நாளைக்கு வியாழக்கிழமை. மாவு இருக்கா பாரு."

வியாழக்கிழமை அந்தியில் மேல்சந்தில் எட்டு வருஷமாக அணைந்திருந்த அடுப்பு எரிந்தது. பெஹியே கதவை அகலத் திறந்து வைத்தாள். வெண்ணெய் உருகியது. மாவைக் கொட்டினாள். வழக்கமாக வறுப்பதைவிட மெதுவாக, தீயைச் சின்னதாக வைத்து வறுத்தாள். மௌத்து வீட்டில் அல்வாவை ஒருத்தி தனியாகக் கிளறக் கூடாது. வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கரண்டியை வாங்கி, ஃபாத்திஹா ஓதி, நாலு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். எத்தனை வீட்டில் அவள் அப்படிக் கரண்டியைக் கைமாற்றிக் கொடுத்திருக்கிறாள். வாசனை எழும்பி, கதவு தாண்டி, படி இறங்கிப் போனது.

யாரும் வரவில்லை.

எதிர்வீட்டில் தட்டு கழுவும் சத்தம் கேட்டது. யாரோ தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தார்கள். மாவு பழுத்துக்கொண்டே இருந்தது. தான் கெடுத்து வைத்த வாசனைதானே, யாரை நோவது என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். கை முதல் முறையாக வலித்தது. அப்போது ஸாதெத் தன் மாடியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"பெஹியே, எனக்கு அரைக்கிலோ எடுத்து வை. சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க."

பெஹியே கரண்டியை நிறுத்தாமலே வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"இன்னைக்கு யாவாரம் இல்ல அக்கா. எங்க வீட்ல மௌத்து."

தட்டு கழுவும் சத்தம் நின்றது. ஸாதெத்துக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஷிலான் எழுந்து தலையில் கறுப்புத் துணியைக் கட்டினாள். தாய் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பெஹியே தலையசைத்தாள். அவள் படி இறங்கினாள்.

மகளின் குரல் வீடு வீடாகப் போவதை பெஹியே அடுப்படியிலிருந்தே கேட்டாள். முதலில் எதிர்வீடு. அரபியில். "ஸாதெத் அக்கா, எங்க வாப்பா மௌத்தாப் போயிட்டாங்க. உம்மா தனியாக் கிளறுறாங்க." பெஹியே எட்டு வருஷம் பயந்த வாக்கியம். கேட்டும் அவள் கை நிற்கவில்லை. அடுத்து மூலைவீடு. ஷ்முனி கற்றுக்கொடுத்த அவள் பாஷையான சுரியானியில் நாலு வார்த்தை, மிச்சத்துக்குத் துருக்கி. ஷ்முனி "மாதாவே" என்று சொல்வது கேட்டது. அப்புறம் காலடி கீழே போனது, சந்து முடிவிலிருக்கும் குலேயின் வீட்டுக்கு.

அங்கே ஷிலான் குர்துவில் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று பெஹியேவுக்குப் புரியவில்லை. ஆனால் தெர்வேஷ் சந்தில் நின்று பேசுவதுபோல இருந்தது. அதே இழுவை, அதே இறக்கம். கடைசிச் சிரிப்பு மட்டும் இல்லை. தன் சாவைத் தானே வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வந்தவன் மாதிரி. நடுவில் பாவோ என்ற வார்த்தை மட்டும் தெளிவாகக் கேட்டது. உடனே குலேயின் ஓலம் எழுந்தது. அக்டோபரில் பாதியில் நின்ற அழுகையை அவள் இப்போது அழுது முடித்தாள்.

படியில் காலடிகள் ஏறி வரும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம், பூட்ஸ் சத்தம், வெறுங்கால். அவர்கள் வந்து கரண்டியை வாங்குவதற்கு முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் அவளுக்கு இருந்தது. பாகை ஊற்றினாள். சட்டி சீறி, ஆவி மேலே எழும்பி, திறந்த கதவு வழியாக வெளியே போனது. பெஹியே அதன் பின்னால் முகத்தை நீட்டினாள். அவன் பாஷையில் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வரி, அந்தியில் மகளை அவன் வீட்டுக்குக் கூப்பிட்ட வரி. அதை இதுவரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"வெரே," என்றாள். "வெரே மாலே."